சுழி, கால், கொம்பு: ஒரு தமிழ் எழுத்துருவைத் தாளிலிருந்து கணினிக்குக் கொண்டுவந்த பதிவு

நீளமான கட்டுரைகளையும் கதைகளையும் 10 அல்லது 11 பாயிண்ட் அளவில் கண் சோராமல் படிக்க உதவும் ஓர் எழுத்துருவை வரைய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இந்த வேலையைக் கையில் எடுத்தேன். தலைப்புக்கான எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் தன்னைக் காட்டிக்கொள்ளலாம். உரைக்கான எழுத்துருவில் எந்த எழுத்தும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வரக்கூடாது. தமிழில் இது எளிதன்று. ஒரு நெடுங்கோடும் ஓர் அடிக்கோடும் மட்டுமே கொண்ட 'ட' ஒருபுறம் இருக்க, மூன்று சுழிகளைச் சுமக்கும் 'ண' மறுபுறம் இருக்கிறது. 'பாட்டி', 'கண்ணாடி' போன்ற சொற்களில் வெற்றிடமும் கரிய திட்டும் அடுத்தடுத்து அமர்ந்துவிடுகின்றன. இந்தக் கருமையைச் சமன்படுத்துவதிலேயே உழைப்பின் பெரும்பகுதி செலவாயிற்று. கணினியில் கோடு இழுப்பது அதில் சிறு பங்குதான்.

வரையும்போது அகர வரிசையைப் பின்பற்றவில்லை. உயிரெழுத்துகள் பெரும்பாலும் சொல்லின் முதலில் மட்டுமே வருவன என்பதால், பக்கத்தின் நிறத்தை (ஒட்டுமொத்தக் கருமையை) முடிவுசெய்பவை மெய்களும் உயிர்மெய்களுமே. எனவே 'ப' முதலில் வந்தது. இரண்டு நெடுங்கோடுகள், ஓர் அடிக்கோடு, அவ்வளவே. ஆனால் எழுத்தின் உயரம், அகலம், கோட்டின் தடிமன், உள்வெளியின் (கோடுகளுக்குள் அடங்கும் வெற்றிடத்தின்) அளவு ஆகிய நான்கையும் அது ஒன்றே தீர்மானித்துவிடுகிறது. 'ப'-விலிருந்து 'ம', 'ய', 'ழ' ஆகியவற்றுக்குப் போனேன். அடுத்ததாக 'க' வரைந்தபோது அதன் மேற்கோடும் இடப்புற வளைவும் 'ச', 'த' ஆகியவற்றுக்கு வழிகாட்டின. 'ல' கிடைத்ததும் 'வ', 'ன', 'ண', 'ள' ஆகியவை அதன் சுழியைப் பின்பற்றி வந்தன. 'ஞ' எந்தக் குடும்பத்திலும் முழுமையாகச் சேராமல் எல்லோரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கடன் வாங்கியிருப்பதால், அதைக் கடைசிக்கு ஒதுக்கினேன். ஏழெட்டு எழுத்துகள் சேர்ந்தவுடனேயே 'படம்', 'கணக்கு', 'தவளை', 'மணல்' என்று சொற்களாக எழுதிப் பார்க்கத் தொடங்கிவிட வேண்டும். தனி எழுத்தாக அழகாக நிற்பது சொல்லுக்குள் வந்ததும் வேறு முகம் காட்டும்.

தாளில் நான்கு வழிகாட்டிக் கோடுகள் போட்டுக்கொண்டேன்: எழுத்து அமரும் அடிக்கோடு, 'ப'-வின் தலைமட்டம், 'கி'-யின் மேல்விலங்கு (இகரத்தைக் காட்டும் மேல்வளைவு) எட்டும் உயரம், 'பூ'-வின் வால் இறங்கும் ஆழம். ஆங்கில எழுத்துக் கலைக்கான பயிற்சித் தாள்களில் உள்ள விகிதங்கள் இங்கே பொருந்துவதில்லை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. அதற்கு மாறாக, மேலும் கீழும் நீளும் உறுப்புகள் மிகுதி. எழுத்துச் சட்டத்தின் உயரத்தை 1000 அலகாகக் கொண்டு, 'ப'-வின் உயரத்தை 560 அலகாகவும், மேல்விலங்கின் உச்சியை 770 அலகாகவும், கீழே இறங்கும் ஆழத்தை 270 அலகாகவும் பின்னர் கணினியில் வகுத்ததற்கு அடிப்படை இந்தத் தாள்தான்.

பேனாவின் கோணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓலையில் எழுதிய எழுத்தாணிக்குத் தடிப்பு, மெலிவு என்ற வேறுபாடு கிடையாது; போகும் திசை எதுவாயினும் கீறல் ஒன்றுபோலவே விழும். பட்டை முனைப் பேனாவோ பிடிக்கும் கோணத்துக்கேற்ப நெடுங்கோட்டையும் கிடைக்கோட்டையும் வேறுவேறு தடிமனில் இடும். 30 பாகையில் பிடித்தால் நெடுங்கோடு முனையின் அகலத்தில் 87 விழுக்காடாகவும், கிடைக்கோடு 50 விழுக்காடாகவும் அமையும். இந்த வேறுபாடு தமிழுக்கு மிக அதிகம், ஏனென்றால் 'ப', 'ட', 'ம', 'ய' ஆகியவை அடிக்கோட்டையும் 'க', 'ச', 'த' ஆகியவை மேற்கோட்டையும் நம்பி நிற்பவை. அந்தக் கோடுகள் மெலிந்தால் எழுத்தே கால் ஒடிந்ததுபோலத் தோன்றும். கோணத்தை 40 பாகையாக்கியபோது விகிதம் ஏறத்தாழ 77-க்கு 64 என்று வந்தது. அதையே ஏற்றுக்கொண்டு, நெடுங்கோடு 84 அலகு, கிடைக்கோடு 70 அலகு என்று முடிவுசெய்தேன். இரண்டையும் ஒரே அளவாக வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அளவுகோலில் சமமாக இருக்கும் இரண்டு கோடுகளில் கிடைக்கோடே கண்ணுக்குத் தடித்துத் தெரியும் என்பதால், சீரான தடிமன் கொண்டதாகக் காட்டவேண்டிய எழுத்துருவிலும் கிடைக்கோட்டைக் கொஞ்சம் இளைக்கத்தான் வேண்டும்.

சுழிகளில் மட்டும் பட்டை முனைப் பேனாவின் சொல்லை நான் கேட்கவில்லை. சிறிய வட்டத்தைப் பட்டை முனையால் சுழற்றினால் மூலைவிட்டத் திசையில் மை தேங்கி உள்வெளி அடைத்துக்கொள்கிறது. 1000 அலகு கொண்ட சட்டத்தில் 90 அலகு அகலமுள்ள உள்வெளியை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் விளங்கும்: 10 பாயிண்ட் அளவில் அச்சிடும்போது அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, 16 பிக்சல் அளவில் திரையில் ஒன்றரைப் பிக்சலைக்கூட எட்டாது. 'ல', 'வ' ஆகியவற்றில் சுழியைப் பெரிதாக்க இடம் உண்டு; 120 அலகு கொடுத்தேன். இரண்டு சுழி 'ன'-வில் அந்தத் தாராளம் முடியாது. மூன்று சுழி 'ண'-வில் எழுத்தின் அகலத்தை நீட்டிப்பது, கோட்டை இளைப்பது ஆகிய இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டியிருந்தது. இறுதியில் 'ப'-வின் முழு அகலம் 620 அலகு, 'ன' 860, 'ண' 1180 என்று நின்றன; 'ண'-வின் உட்கோடுகள் 84-க்குப் பதிலாக 74 அலகுதான். அச்சில் யாரும் இந்தப் பத்து அலகு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஆனால் அது இல்லாவிட்டால் 'எண்ணெய்' என்ற சொல் வரியின் நடுவே மசித்துளி சிந்தியதுபோலக் கிடக்கும்.

ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடும் சுழியில்தான் இருக்கிறது. 'கெ', 'கே' என்ற குறில் நெடில் வேறுபாடு மேற்சுழி ஒன்றையே நம்பியிருப்பதால், அது அடைபட்டால் 'செரி', 'சேரி' என்பவை ஒன்றாகிவிடும். இரட்டைக் கொம்பின் மேற்சுழியை ஒற்றைக் கொம்பின் தலையைவிடச் சற்று இடப்புறம் தள்ளி, உள்வெளி தெளிவாகத் தெரியும்படி வரைந்தேன்.

வரைபடங்களை 600 டிபிஐ தெளிவில் வருடி, எழுத்துரு மென்பொருளில் பின்னணியாக வைத்து, அதன்மேல் கையாலேயே வளைவுகளை இட்டேன். ஃபான்ட்ஃபோர்ஜ் கட்டற்ற மென்பொருள்; கிளிஃப்ஸ் மேக் கணினிக்கான வணிக மென்பொருள்; எதில் செய்தாலும் முறை ஒன்றே. இங்க்ஸ்கேப் போன்றவற்றில் படத்தைத் தானாகவே வளைவாக்கும் வசதி உண்டு. ஆனால் அது தாளின் சொரசொரப்பையும் மையின் கசிவையும் சேர்த்தே பதிந்து, ஒரு சுழிக்கு ஐந்தாறு கணுக்கள் (வளைவைக் கட்டுப்படுத்தும் புள்ளிகள்) போதுமான இடத்தில் இருபது முப்பது கணுக்களைக் கொட்டிவிடும். அவற்றைத் துப்புரவு செய்யும் நேரத்தில் புதிதாகவே வரைந்துவிடலாம். வளைவின் இட, வல, மேல், கீழ் எல்லைகளில் ஒவ்வொரு கணு, அவற்றின் கைப்பிடிகள் (வளைவின் போக்கைத் திருப்பும் கோடுகள்) நேர்க்கிடையாக அல்லது நேர்ச்செங்குத்தாக, இடையில் தேவையற்ற கணு ஒன்றுகூட இல்லை என்பதே நான் கடைப்பிடித்த ஒழுங்கு. 'ல', 'வ' போன்று அடியில் உருண்ட எழுத்துகள் 'ப'-வின் தட்டையான அடிக்கோட்டோடு ஒரே மட்டத்தில் நின்றால் சிறுத்துத் தெரியும் என்பதால், அவற்றை அடிக்கோட்டுக்குக் கீழே 11 அலகு இறங்கவிட்டேன்.

தமிழின் 247 எழுத்துகளையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை என்பது ஓர் ஆறுதல். ஆகார வரிசைக்குத் துணைக்கால், எகர ஏகார ஐகார வரிசைகளுக்குக் கொம்புகள், மெய்களுக்குப் புள்ளி என்று தனி உறுப்புகளை வரைந்து வைத்தால் கணினி அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். உகர ஊகார வரிசைகளில் அது நடக்காது. 18 மெய்களுக்கும் இரண்டிரண்டாக 36 வடிவங்களை வரைந்தே ஆகவேண்டும். இகர ஈகாரத்துக்கு மேல்விலங்கைத் தனி உறுப்பாக ஒட்டும் எழுத்துருக்கள் பல உண்டு. நான் அவற்றையும் 36 முழு வடிவங்களாக வரைந்தேன். ஆக, 12 உயிர், ஆய்தம், 18 அகர உயிர்மெய், இந்த 72 என 103 வடிவங்கள். தனி உறுப்புகளும் கிரந்த எழுத்துகளும் இதற்கு மேல்.

மேல்விலங்கை ஒட்டாமல் வரைந்ததற்குக் காரணம், அது எழும்பும் இடம் எழுத்துக்கு எழுத்து மாறுவதுதான். 'பி'-யில் வலப்புற நெடுங்கோடே மேலே நீண்டு விலங்காக வளைகிறது. அங்கே ஒட்டு என்ற ஒன்றே தெரியக்கூடாது. 'டி'-யில் வலப்புறத்தில் நெடுங்கோடே இல்லாததால், அடிக்கோட்டின் முனையிலிருந்து விலங்கு நீளமாக எழுந்து வரவேண்டும். ஒரே உறுப்பை எல்லாவற்றுக்கும் ஒட்டினால் சிலவற்றில் தோள்பட்டை தடித்தும் சிலவற்றில் கழுத்து நெரிந்தும் போகிறது. ஈகாரத்தில் விலங்கின் முனையில் ஒரு சுழி கூடுவதால், 'ணீ' போன்ற ஏற்கெனவே அடர்ந்த எழுத்துகளில் அந்தச் சுழியை மற்றவற்றைவிடச் சிறிது உயர்த்தினேன்.

உகர வரிசையை மூன்று குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டால் வேலை இலகுவாகிறது. 'சு', 'பு', 'யு', 'வு', 'ஙு' ஆகியவற்றில் நெடுங்கோடு கீழே இறங்குகிறது. 'கு', 'டு', 'மு', 'ரு', 'ழு', 'ளு' ஆகியவற்றில் கீழ்விலங்கு எழுத்தைச் சுற்றி வளைகிறது. 'ணு', 'து', 'நு', 'லு', 'று', 'னு', 'ஞு' ஆகியவற்றில் வால் கீழே வளைந்து வலப்புறம் மேலேறுகிறது. ஊகாரத்தில் இதே பிரிவு தொடர்ந்தாலும் 'கூ' மட்டும் தன் போக்கில் போகிறது. ஒரு குடும்பத்தின் வால் முடிவானதும் அதைப் பிறவற்றுக்குப் படியெடுத்தேன். ஆனால் படியெடுத்ததை அப்படியே விட்டுவிடவில்லை. 'டு'-வைச் சுற்றும் வளைவு 'ளு'-வைச் சுற்றும்போது ஒரு மடங்கு அகலமாக வேண்டியிருக்கிறது. வெறுமனே இழுத்து நீட்டினால் கோட்டின் தடிமனும் சேர்ந்து நீண்டு கெட்டுவிடும்.

ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள உறவு தனியாகச் சிந்திக்க வேண்டிய ஒன்று. கீழே சாய்ந்து இறங்கும் காலை எடுத்துவிட்டால் 'ர' துணைக்காலேதான். பழைய அச்சு மரபில் 'ர்', 'ரி', 'ரீ' ஆகியவற்றை அந்தச் சாய்கால் இல்லாமல், துணைக்காலின் மேல் புள்ளியோ விலங்கோ இட்டதுபோலவே அச்சிட்டார்கள். கையெழுத்தில் இன்றும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். பாடநூல்களுக்கு முழு வடிவமே வேண்டும் என்பது அரசு அமைப்புகள் வகுத்த நெறி. கணினி எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடின் ஆவணமும் இந்த இரு வழக்குகளையும் குறிப்பிடுகிறது. என் கண்ணுக்குச் சாய்கால் இல்லாத 'ர்'தான் வரியில் இயல்பாக ஓடுகிறது என்றாலும், இயல்பு வடிவமாகச் சாய்கால் உள்ளதையே வைத்து, மற்றதை விருப்ப வடிவமாகச் சேர்த்தேன். படிப்பவர் ஐயமின்றிப் படிக்கவேண்டும் என்பது என் விருப்பத்துக்கு முன்னால் நிற்கிறது. இதேபோல 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'ணை', 'லை', 'ளை', 'னை', 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றின் பழைய வடிவங்களும் விருப்பத் தொகுதி ஒன்றில் உள்ளன. ஔகார வரிசையின் பின்னுறுப்பும் ளகரமும் ஒன்றுபோல இருப்பதால், பின்னுறுப்பைச் சற்றுச் சிறிதாக்கினேன். 'கௌ' என்பதைக் 'கெள' என்று படித்துவிடக்கூடாதல்லவா?

புள்ளியின் விட்டம் 112 அலகு. நெடுங்கோட்டின் தடிமனைவிட அது பெரிதாக இருக்கவேண்டும். சமமாக வைத்தால் சிறிய அளவில் மங்கிவிடும். எல்லா மெய்களிலும் புள்ளி ஒரே உயரத்தில் நிற்கிறது, ஆனால் கிடைநிலையில் எழுத்தின் பார்வை நடுவத்தைத் தேடி இடம் மாறுகிறது. 'ட்' இதற்கு ஒத்துவரவில்லை. அளந்து நடுவில் வைத்தால் வெற்றிடத்துக்கு மேலே புள்ளி அந்தரத்தில் தொங்கும். நெடுங்கோட்டின் தலையில் வைத்தால் மெழுகுவத்திச் சுடரைப்போல ஆகிவிடும். இரண்டுக்கும் இடையில், கோட்டுக்குப் பக்கமாக ஓர் இடத்தில் நிறுத்தினேன்.

இடைவெளி அமைப்பது வரைவதைவிட நுட்பமான வேலை என்று எழுத்துருக் கலைஞர்கள் சொல்வார்கள். தமிழில் அது இன்னும் கூடுதலாகவே உண்மை. 'பபப' என்று வரிசையாக இட்டு, உள்வெளிக்கும் எழுத்திடை வெளிக்கும் இசைவு வரும்வரை பக்க இடைவெளியைக் கூட்டிக் குறைத்தேன். பிறகு 'பலப', 'பவப', 'பகப' என்று ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு பகரங்களுக்கு நடுவில் நிறுத்திச் சரிபார்த்தேன். இங்கே தமிழுக்கே உரிய ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. துணைக்கால் தனக்கு முந்தைய எழுத்தோடும் கொம்பு தனக்குப் பிந்தைய எழுத்தோடும் உறவு காட்டவேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி கொடுத்தால் 'பலகைகள்' என்ற சொல்லில் முதல் ககரத்துக்குரிய இணைக்கொம்பு லகரத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் கொம்புகளின் இடப்புறம் 62 அலகும் வலப்புறம் 38 அலகும் விட்டேன். துணைக்காலுக்கு இதைத் திருப்பிப் போட்டேன். எழுத்து இணைகளுக்கான தனி இடைவெளித் திருத்தங்களை அதிகம் சேர்க்கவில்லை. 'ட'-வுக்குப் பின் வரும் எழுத்தை ஓரளவு உள்ளே இழுத்ததோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டேன். 'ட்ட' என்ற இணையில் அந்த இழுவையையும் தளர்த்த வேண்டியிருந்தது, இல்லையேல் முதல் டகரத்தின் அடிக்கோடு இரண்டாவதன் காலைத் தொட்டுவிடும்.

அடுத்தது விதிகள். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் 72 மட்டுமே நிரம்பியுள்ளன. 'கு', 'கி' போன்றவற்றுக்குத் தனி இடம் கிடையாது. எனவே ககரமும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் 'கு' வடிவத்தைக் காட்டு என்பது போன்ற மாற்று விதிகளை எழுத்துருவுக்குள் எழுதவேண்டும். டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டது. யூனிகோடில் மெய் முன்னும் குறி பின்னுமாக ஒலிப்பு வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்புறம் நகர்த்துவதும், 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றின் குறியை இரண்டாகப் பிரிப்பதும் எழுத்துகளை உரிய வடிவிலும் வரிசையிலும் அடுக்கித் தரும் மென்பொருளான ஹார்ஃபஸ் போன்ற வரிவடிவ இயந்திரத்தின் பொறுப்பு. அந்த வேலையில் எழுத்துரு தலையிடக்கூடாது. 'க்ஷ' கூட்டெழுத்துக்கு ஒரு விதி போதும். 'ஸ்ரீ'-க்கு இரண்டு வேண்டும், ஏனென்றால் 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் 'ஶ' தனி எழுத்தாகச் சேர்ந்த பிறகு, ஸகரத்தில் தொடங்குவது ஒன்றும் ஶகரத்தில் தொடங்குவது ஒன்றுமாக இருவகை வரிசைகள் புழக்கத்தில் உள்ளன. ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு முறையில் தமிழுக்குப் பழையது, புதியது என்று இரண்டு அடையாளக் குறிகள் இருப்பதால், விதிகளை இரண்டின்கீழும் பதிவுசெய்தேன்.

தடித்த வடிவத்தைத் தனியாக வரைந்து, இடைப்பட்ட எடைகளை (தடிமன் நிலைகளை) மென்பொருள் தானே கணக்கிடும்படி விட்டேன். இதற்கு இரு வடிவங்களிலும் கணுக்களின் எண்ணிக்கையும் வரிசையும் தொடக்கப் புள்ளியும் ஒன்றாக இருக்கவேண்டும். முன்பு கணுக்களைச் சிக்கனமாக வைத்தது இங்கே கைகொடுத்தது. நெடுங்கோட்டை 150 அலகாக ஆக்கியதும் சுழிகள் மறுபடியும் அடைக்கத் தொடங்கின. 'ண' 1290 அலகு வரை அகன்றும் போதாமல், உட்கோடுகளை 112 அலகுக்குக் குறைத்த பிறகே மூச்சுவிட்டது.

செங்குத்து அளவுகளை அமைப்பது சலிப்பான வேலை, ஆனால் அதை விட்டுவிட முடியாது. எழுத்துகள் மேலே எவ்வளவு உயரும், கீழே எவ்வளவு இறங்கும் என்ற ஏற்ற இறக்க அளவுகள் எழுத்துருக் கோப்பில் மூன்று இடங்களில் பதிவாகின்றன. விண்டோசுக்கான அளவு போதாவிட்டால் 'பூ', 'சூ' ஆகியவற்றின் வாலும் 'ணீ'-யின் சுழியும் வெட்டுப்பட்டுத் தெரியும். மூன்று இடங்களுக்கும் ஒரே அளவுகளைக் கொடுத்து, 'பூ' உள்ள வரிக்கு நேர்கீழே 'கீ' வரும்படி பத்திகளை அமைத்து, இரண்டும் மோதாமல் இருக்க எவ்வளவு வரியிடை வேண்டும் என்று பார்த்தேன். எழுத்தின் அளவைப்போல் 1.3 மடங்கு வைத்தபோது மோதல் இல்லை. சோதனைக்கு 18 மெய்களையும் 12 உயிர்களோடு பெருக்கிய முழு அட்டவணையை அச்சிட்டுக்கொள்வது நல்லது. யாரும் எழுதாத 'ஙூ', 'ஞௌ' போன்றவையும் அதில் வந்துவிடும். உலாவி, சொற்செயலி, கைப்பேசி ஆகிய மூன்றிலும் அதே அட்டவணையைத் திறந்து, புள்ளிகளாலான வட்டத்தோடு தனியே நிற்கும் குறி ஏதேனும் தென்படுகிறதா என்று தேடினேன். அப்படித் தென்பட்டால் எங்கோ ஒரு விதி விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

கணினிக்கு டிடிஎஃப் வடிவிலும் இணையப் பக்கங்களுக்கு வொஃப்2 வடிவிலும் கோப்புகளை ஏற்றுமதி செய்துள்ளேன். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1 பதிப்பு பொருந்தும். யாரும் மாற்றியமைக்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. மாற்றியமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எடையைக் கூட்டும்போது 'ண', 'ணை', 'ஞ' ஆகிய மூன்றையும் முதலில் திறந்து பாருங்கள், அவை தாங்கினால் மற்றவை தாங்கும்.